சான்றளிப்பவரைச் சோதிப்பது யார்?

2023 மே 14, சேப்பாக்கம். கொல்கத்தாவுடனான ஆட்டம் முடிந்து, தோனி மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வர்ணனைக்காக வந்திருந்த சுனில் கவாஸ்கர் அவரிடம் ஓடிப்போய், போட்டிருந்த சட்டையிலேயே கையொப்பம் வாங்கிக்கொண்டார். நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தச் சட்டையில் இருப்பது தோனியின் கையொப்பம்தானா என்று இனி எந்த நிபுணரும் சொல்லத் தேவையில்லை.

இதே தோனியின் கையொப்பத்தோடு ஒரு மட்டை இணையச் சந்தையில் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கே, எப்போது, யார் முன்னிலையில் போட்டது என்று விற்பவர் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு சான்றிதழைக் காட்டுகிறார். மட்டையின் ஓரத்தில் எண் அச்சிட்ட ஹாலோகிராம் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறது. கையொப்பமிட்டவரும் அல்லாத, விற்பவரும் அல்லாத மூன்றாவது நிறுவனம் ஒன்று இதை அசல் என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் நின்றுகொண்டு பார்க்க விரும்புகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோவும் டைம்லரும் ராயல் என்ஃபீல்டும், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், இவற்றுக்கெல்லாம் உதிரிபாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகள். 'இது சரியான பொருள்தானா' என்ற கேள்வி ஓயாமல் கேட்கப்படும் மண் இது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவரையே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற வழக்கமும் இங்கே வேரூன்றியிருக்கிறது. கையொப்பச் சந்தையில் இல்லாதது அந்த வழக்கம்தான்.

மூன்றாம் தரப்புச் சான்று ஒரு பெரிய மோசடியின் நிழலில் வளர்ந்தது. 1990களில் அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் கையொப்பமிட்ட பந்து, மட்டை, படம் ஆகியவற்றின் சந்தை வீங்கியது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவை மையமாக வைத்து எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' என்ற புலனாய்வில் ஒரு பெரிய போலிக் கும்பல் பிடிபட்டது. சந்தையில் மிகவும் தேடப்படும் கையொப்பங்களில் பாதிக்கு மேல் போலியாக இருக்கலாம், ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் இதில் புரள்கிறது என்று அப்போது மதிப்பிட்டார்கள். பிடிபட்ட பொருள்களில் அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்களும் இருந்தன. கொல்கத்தாவின் துறவி ஒருவர் பேஸ்பாலில் கையொப்பமிட்டு விற்பனைக்குத் தந்திருப்பாரா என்ற எளிய கேள்வியை வாங்கியவர்கள் கேட்கவில்லை. பந்தோடு சான்றிதழ் வந்துவிட்டால் கேள்வி நின்றுவிடுகிறது. அந்தக் கும்பலின் போலிகளுக்கும் சான்றிதழ்கள் இருந்தன என்பதுதான் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

அந்தக் காலத்தில்தான், 1998-இல், கையொப்பச் சான்று தரும் பி.எஸ்.ஏ./டி.என்.ஏ. நிறுவனம் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்த ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 2005-இல் ஜே.எஸ்.ஏ. நிறுவனத்தைத் தொடங்கினார். 2016-இல் பெக்கெட் நிறுவனம் கையொப்பப் பிரிவு தொடங்கியபோது அதற்குப் போன முக்கியமானவர்களும் பி.எஸ்.ஏ.வில் இருந்தவர்களே. உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் நம்பியிருக்கும் மூன்று பெயர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே பள்ளியில் பயின்ற சிறு வட்டம். ஒரு நிறுவனம் ஏற்றதை இன்னொரு நிறுவனமும் ஏற்றால், இரண்டு தனித்தனிச் சாட்சிகள் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

இவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்ப்பவர் நல்ல நிபுணர் அல்லர். கோட்டின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ராயல் என்ஃபீல்டின் சில மாடல்களில் பெட்ரோல் டேங்க்கின் மேலுள்ள பொன்னிறக் கோட்டைப் பழகிய கை ஒன்று தூரிகையால் ஒரே இழுப்பில் இழுக்கிறது. எந்த இரண்டு டேங்க்கின் கோடும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆனால் இழுப்பில் தயக்கம் இருக்காது. ஸ்டென்சில் வைத்து அதே கோட்டைப் போட்டால் அளவு துல்லியமாக இருக்கும், உயிர் இருக்காது. கையொப்பமும் அப்படித்தான். அசல் கையொப்பங்கள் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபடும், வேகம் இருக்கும், கோட்டின் முனை மெலிந்து முடியும். மேலே தாள் வைத்து வரைந்த போலியில் கோடு நடுங்கும், பேனா நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருக்கும், முனை மழுங்கியிருக்கும். ஒருவரின் இரண்டு கையொப்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தினால், அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

ஆக, இதில் கலை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. ஆராய்ச்சிகளும் அதையே சொல்கின்றன. ஆய்வாளர் மோஷே காமின் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை ஆவண நிபுணர்களுக்கும் பயிற்சியில்லாதவர்களுக்கும் ஒரே கையொப்பங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். போலியை அசல் என்று பயிற்சியில்லாதவர்கள் சொன்னது நூற்றுக்கு ஆறுக்கு மேல். நிபுணர்கள் சொன்னது நூற்றுக்கு அரைதான். அசலைப் போலி என்று தள்ளியதில் பயிற்சியில்லாதவர்களின் தவறு 26 சதவீதம், நிபுணர்களின் தவறு 7 சதவீதம். 2022-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்த இன்னும் பெரிய ஆய்வில் 86 நிபுணர்கள் கலந்துகொண்டார்கள். இது கையொப்பத்தை மட்டும் அல்லாமல் கையெழுத்தைப் பற்றியது. வேறொருவர் எழுதியதை 'இவர் எழுதியதே' என்று தவறாகச் சொன்னது 3.1 சதவீதம். இவரே எழுதியதை 'இவர் எழுதவில்லை' என்றது 1.1 சதவீதம். இரட்டையர்களின் எழுத்தை ஒப்பிடும்போது முதல்வகைத் தவறு 8.7 சதவீதமாக ஏறியது.

மூன்று சதவீதம் சிறியதாகத் தோன்றும். தோன்றுவதை விட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிபுணரிடம் ஆயிரம் கையொப்பங்கள் வருகின்றன. அவற்றில் பத்தில் ஒன்று போலி என்றால், 100 போலிகளில் 3 தப்பிச் சான்றிதழ் பெறும்; 900 அசல்களில் ஏறத்தாழ 890 சான்றிதழ் பெறும். சான்றிதழ் பெற்றவற்றில் போலி ஆயிரத்துக்கு மூன்று நான்கு, அவ்வளவே. இப்போது நிலைமையைத் திருப்புங்கள். வருவதில் பத்துக்கு ஒன்பது போலி. 900 போலிகளில் 28 தப்பும். 100 அசல்களில் 99 தேறும். சான்றிதழ் பெற்ற 127-இல் 28 போலி. அதாவது ஐந்தில் ஒன்றுக்கு மேல். நிபுணர் அதே நிபுணர்தான், அவருடைய திறமையும் மாறவில்லை. சந்தை கெட்டிருந்தால் நல்ல நிபுணரின் சான்றிதழும் கெட்டுப்போகிறது. இது தோராயக் கணக்குதான், 'தெரியவில்லை' என்று நிபுணர் ஒதுங்கும் பதில்கள் இதில் சேரவில்லை. ஆனாலும் திசை தெளிவு. யாருடைய கையொப்பம் அதிகமாகத் தேடப்படுகிறதோ, யாருடையது அதிகமாகப் போலி செய்யப்படுகிறதோ, அங்கேதான் சான்றிதழின் மதிப்பு குறைவு. சேகரிப்பாளர்கள் பெரும் பணத்தைக் கொட்டுவதும் அங்கேதான்.

மேலே சொன்ன எண்கள் நீதிமன்றத்துக்காக வேலை செய்யும் ஆவண நிபுணர்களுடையவை. அவர்களுக்கு நேரம் உண்டு, ஒப்பிட மாதிரிகள் உண்டு. விற்பனைக் கண்காட்சி மேசையில் வரிசையாக வரும் பொருள்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ஆட்டோகிராஃப் சான்றாளருக்கு இந்த எண் பொருந்துமா? படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் இணையச் சேவைகளும் இருக்கின்றன. மையின் அழுத்தமும் தாளின் வயதும் படத்தில் தெரியாது. சான்று தரும் நிறுவனங்கள் சேகரிப்பாளர்முன் வைக்க வேண்டியது ஒரு குருட்டுச் சோதனையின் முடிவு. எத்தனை போலிகளைக் கலந்து கொடுத்தார்கள், எத்தனையைக் கண்டுபிடித்தார்கள் என்ற எண். சான்றிதழின் பின்பக்கத்தில் அந்த எண் இருப்பதில்லை. அங்கே இருப்பது, இது ஒரு கருத்து மட்டுமே என்ற வாசகம்.

இங்கே ஒரகடத்துக்கு வருகிறேன். கார் கம்பெனிக்குப் பாகம் கொடுக்கும் தொழிற்சாலை ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தர விதிக்கு உட்பட்டது. கண்ணால் பார்த்து 'சரி', 'தள்ளுபடி' என்று பிரிக்கும் இன்ஸ்பெக்டர் அங்கே இருக்கிறார். அவர் பல வருட அனுபவம் உள்ளவர் என்பதற்காக அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எம்.எஸ்.ஏ. என்று ஷாப் ஃப்ளோரில் சொல்லப்படும் அளவைச் சோதனை ஒன்று உண்டு. நல்லதும் கெட்டதும் கலந்து, விடை முன்பே தெரிந்த ஐம்பது பாகங்களை எடுப்பார்கள். மூன்று இன்ஸ்பெக்டர்களிடம், வரிசையை மாற்றி மாற்றி, மும்மூன்று முறை கொடுப்பார்கள். ஒரே பாகத்தை ஒருவரே நேற்று சரி என்றும் இன்று தள்ளுபடி என்றும் சொல்கிறாரா? மூவரும் ஒத்துப்போகிறார்களா? உண்மை விடையோடு ஒத்துப்போகிறார்களா? 'கப்பா' என்ற எண்ணில் இந்த ஒப்புமையை அளப்பார்கள், 0.75-க்கு மேல் வந்தால் நல்ல ஒப்புமை. குறைந்தால் இன்ஸ்பெக்டருக்கு மறுபயிற்சி. சில ரூபாய் பெறும் ஒரு பிராக்கெட்டுக்கு இத்தனை. லட்சம் ரூபாய்க்கு விற்கும் கையொப்பத்தைப் பார்ப்பவருக்கு இதில் பாதியைக்கூடச் சந்தை கேட்பதில்லை.

ஒரகடத்திலேயே ஜி.ஏ.ஆர்.சி. என்ற உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதுவும் மூன்றாம் தரப்புதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புதிய வாகன மாடல் சாலைக்கு வரும் முன் இத்தகைய அங்கீகரிக்கப்பட்ட மையம் ஒன்றில் தேற வேண்டும். அங்கே எந்த விதிப்படி சோதிக்கிறார்கள் என்பது அச்சில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒரு முறை தேறிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை, உற்பத்தியாகி வரும் வண்டிகளை மறுபடி எடுத்துச் சோதிக்கும் முறையும் சட்டத்தில் இருக்கிறது. சோதனைச் சாலைகளைச் சோதிக்க என்.ஏ.பி.எல். என்ற தேசிய அங்கீகார வாரியம் இருக்கிறது. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி முடிவுகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. கையொப்பச் சான்றில் இந்தப் படிகள் எதுவும் கட்டாயம் இல்லை. ஒருவர் தன்னை நிபுணர் என்று அறிவித்துக்கொண்டால் போதும்.

மாதிரிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிபுணரின் கண் எவ்வளவு கூர்மையானாலும், அவர் எதனோடு ஒப்பிடுகிறார் என்பதில்தான் முடிவு தொங்குகிறது. 1983-இல் ஜெர்மனியின் 'ஷ்டெர்ன்' இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று பெரும் விலை கொடுத்து வாங்கியவற்றைக் கையெழுத்து நிபுணர்கள் அசல் என்றே சொன்னார்கள். ஒப்பிட அவர்களுக்குத் தரப்பட்ட மாதிரிகளுக்குள்ளேயே கான்ராட் குயாவ் என்ற அதே போலி எழுத்தாளரின் கைவேலை புகுந்திருந்தது. போலியைப் போலியோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. கடைசியில் உண்மையைச் சொன்னது தாள். போருக்குப் பின் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் அதில் இருந்தது. இன்று இணைய ஏலங்களில் விற்பனையான கையொப்பப் படங்களே பலருக்கு மாதிரியாகிவிட்டன. ஒரு போலி சான்றிதழ் பெற்று ஏலத்தில் விற்றுவிட்டால், அடுத்த போலிக்கு அதுவே சாட்சி சொல்கிறது.

தமிழ்க் கையொப்பங்களுக்கு வரும்போது இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகிறது. காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரிஜன நிதிக்காக ஒரு கையொப்பத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கியவர் அவர். ஆகவே அசல் கையொப்பங்கள் நாடெங்கும் ஏராளம். அவர் இரண்டு கையாலும் எழுதக்கூடியவர். 1909-இல் கில்டோனன் காசில் கப்பலில் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' கையெழுத்துப் பிரதியின் 275 பக்கங்களில் சுமார் 40 பக்கம் இடது கையால் எழுதியவை. ஆங்கிலம், குஜராத்தி, தேவநாகரி எழுத்துகளோடு, தென்னாப்பிரிக்காவில் தமிழ் கற்றுக்கொண்ட அவர் 'மோ.க. காந்தி' என்று தமிழிலும் கையொப்பமிட்டிருக்கிறார். கலிஃபோர்னியாவில் இருக்கும் சான்றாளர் ஒருவரின் கோப்பில் காந்தியின் ஆங்கிலக் கையொப்பம் நூறு இருக்கலாம். தமிழில் போட்டது எத்தனை இருக்கும்? இடது கையால் தமிழில் போட்டிருந்தால்?

இந்தத் தொழிற்பகுதி அமைந்திருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மகன் அண்ணாவையும் பார்ப்போம். பழைய எழுத்து முறையில் 'ணா' என்ற எழுத்துக்குச் சுழித்து எழுதும் தனி வடிவம் இருந்தது. இன்று நாம் எழுதும் வடிவம் தமிழக அரசின் 1978 ஆணைக்குப் பிறகே பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிலைத்தது. அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். அவசரப்படும் ஒருவர், புது வடிவ 'ணா'வோடு இருக்கும் அண்ணாவின் கையொப்பம் போலிதான் என்று சொல்லிவிடுவார். ஆனால் பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் 1935-லேயே சீர்திருத்த எழுத்துகளைப் புகுத்திவிட்டார். அவருடைய இயக்கத்தில் வளர்ந்தவர்கள் அந்த வடிவத்தை அறிந்தவர்கள். ஆகவே அந்த ஒரு எழுத்தை வைத்து இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது. எந்த ஆண்டுக் கடிதம், எந்தத் தேவைக்காக எழுதியது, அதே மாதத்தில் அவர் எழுதிய வேறு தாள்களில் என்ன வடிவம் என்று பார்க்க வேண்டும். 2009-இல் நூற்றாண்டையொட்டி வெளியான அண்ணா நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பம் பொறிக்கப்பட்டது. அதைப் பார்த்து எழுதப் பழகுகிறவனுக்கு மாதிரி இப்போது ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. இத்தனை நுட்பத்தையும் தமிழ் எழுத்தின் வரலாறு தெரியாத ஒரு நிறுவனம் கையாளும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது, பலர் அறியாதது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 ஆண்டு பழமையானால் அது தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. தாத்தா காலத்துக் காந்தி கடிதத்தைச் சான்றுக்காக அமெரிக்காவுக்கு கூரியரில் அனுப்புபவர், கடிதம் அசலாக இருந்தால், சட்டச் சிக்கலில் மாட்டுவார். உள்நாட்டில் மயிலாப்பூரில் தடய அறிவியல் துறை இருக்கிறது. ஆனால் அரசு ஆய்வகங்கள் பொதுவாக நீதிமன்றமும் காவல்துறையும் அனுப்புவதற்காகவே இயங்குகின்றன, சேகரிப்பாளருக்காக அல்ல.

நம் நீதிமன்றங்கள் இந்த நிபுணத்துவத்தை எப்படி எடைபோட்டன என்பதையும் கவனிக்கலாம். 1872 சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு கையெழுத்து நிபுணரின் கருத்தை ஏற்றது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டத்தின் 39-ஆம் பிரிவு இருக்கிறது. 1977-இல் மகன் பிகாரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிபுணரின் கருத்தை மட்டும் நம்பித் தண்டனை வழங்குவது பாதுகாப்பானதல்ல என்றது. 1980-இல் முராரி லால் வழக்கில், அதற்காக வேறு ஆதாரம் இல்லாமல் ஏற்கவே கூடாது என்று விதி எதுவும் இல்லை, எச்சரிக்கையோடு அணுகி, காரணங்களைச் சோதித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. 'காரணங்களைச் சோதித்து' என்பதை அழுத்திச் சொல்கிறேன். நீதிமன்றத்தில் நிபுணர் தம் காரணங்களை எழுதித் தருகிறார்; குறுக்கு விசாரணைக்கு நிற்கிறார். ஆட்டோகிராஃப் சான்றிதழில் காரணம் இல்லை. முடிவும் வரிசை எண்ணும் மட்டும் இருக்கின்றன.

பணம் யார் கொடுக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. பெரும்பாலும் விற்கப்போகிறவர்தான் சான்றுக்குக் கட்டணம் கட்டுகிறார். கையொப்பமிட்டவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு கட்டணம். சான்றாளர்கள் வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் தினமும் நிறையப் போலிகளைத் தள்ளுகிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் சந்தை இன்னும் மோசமாகும் என்பதும் உண்மை. ஆனால் அதிகமாகத் தள்ளுபவரிடம் பொருள் வருவது குறையும் என்ற அழுத்தம் இருக்கிறது. இதற்குள் வாங்குபவரும் உடந்தையாகிறார். சான்றிதழ் இருந்தால் நாளை நல்ல விலைக்கு விற்கலாம் என்பதால், அது உண்மையா என்று துருவ அவருக்கும் மனம் வருவதில்லை.

சான்றிதழையே போலியாகச் செய்வதும் நடக்கிறது. 2025 ஜூலையில் அமெரிக்காவின் இண்டியானா மாநில வியாபாரி ஒருவர், பல ஆண்டுகளாக லட்சக்கணக்கான போலிக் கையொப்பப் பொருள்களைப் போலி ஹாலோகிராம்களோடு விற்றதாக இறக்கும் முன் எழுதிவிட்டுப் போனார். அவர் சொன்ன எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஸ்டிக்கரையும் அச்சடிக்க முடியும் என்பதில் மிகை இல்லை. நிறுவனத்தின் தளத்தில் எண்ணைத் தேடி, அங்குள்ள படமும் கையிலுள்ள பொருளும் ஒன்றா என்று பார்க்காத எவரும் ஸ்டிக்கரை நம்பக் கூடாது.

கையொப்பமிட்டவர் தரப்பிலிருந்தே வரும் உறுதியும் தவறலாம். 2022 நவம்பரில் பாடகர் பாப் டிலனின் புத்தகம் வெளிவந்தபோது, பதிப்பகமான சைமன் அண்ட் ஷுஸ்டர் 900 பிரதிகளை அவரே கையொப்பமிட்டவை என்று, உறுதிக் கடிதத்தோடு 599 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் தங்கள் பிரதிகளின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கையொப்பங்கள் அச்சாகப் பொருந்தின. ஆட்டோபென் என்ற இயந்திரம் போட்டவை அவை. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது; டிலனும் மன்னிப்புக் கேட்டார். உண்மையை வெளிக்கொண்டுவந்தது நிபுணர் அல்ல, ஒளிவுமறைவில்லாமல் தங்கள் பிரதிகளைப் பகிர்ந்துகொண்ட சாதாரண வாசகர்கள். நம் ஊரிலும் பெரிய இடத்துப் பெயரை நம்பி ஏமாந்த கதை உண்டு. 2011-இல் கொல்கத்தா அரசுக் கலைக் கல்லூரியில் தாகூர் வரைந்தவை என்று காட்சிக்கு வைக்கப்பட்ட 20 ஓவியங்களும் போலி என்று இந்தியத் தொல்லியல் துறை அறிக்கை தந்தது.

அப்படியானால் எதை நம்புவது? இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்திருக்கின்றன. முதலாவது, கையொப்பம் போடும்போதே சாட்சி நிற்பது. தம் சொந்த அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிகள் விற்பதை டோனி க்வின் என்ற பேஸ்பால் வீரர் சுட்டிக்காட்டியது அமெரிக்காவில் பெரிய அதிர்ச்சி. அதையடுத்து அமெரிக்க பேஸ்பால் லீக் 2001-இல் தொடங்கிய திட்டத்தில், காவல்துறையில் பணியாற்றும் அல்லது பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் நேரில் பார்த்த கையொப்பத்துக்கு மட்டுமே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்படுகிறது. அவர் பார்க்காததற்கு இல்லை, எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் இல்லை. இது கருத்து அல்ல, பதிவு. ஒரகடத்தில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் எண் பொறித்து, எந்த ஷிஃப்டில் எந்த லைனில் வந்தது என்று பின்னால் தேடிப் பிடிக்கும் டிரேசபிலிட்டியும் இதுவும் ஒன்றே.

இரண்டாவது, பொருள் கைமாறி வந்த வழி. கணித மேதை ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' இதற்கு நல்ல சான்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்பிய தாள்கள் அவரிடமிருந்து வாட்சனுக்குப் போயின. வாட்சன் 1965-இல் இறந்த பின் ராபர்ட் ராங்கின் வழியாக 1968-இல் கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரி நூலகத்தை அடைந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றை அங்கே கண்டெடுத்தார். எழுத்தைப் பார்த்ததும் ராமானுஜன் என்று அவருக்குத் தெரிந்தது உண்மைதான். அந்தத் தாள்களை யாரும் சந்தேகிக்காததற்குக் காரணம், இந்தக் கைகளின் வரிசை அறுபடாமல் இருப்பது. உள்ளே இருக்கும் கணக்கு வேறு யாரும் போட முடியாதது. கடிதமானாலும் கையொப்பமானாலும் சேகரிப்பாளர் கேட்க வேண்டியது இதையே: இது முதலில் யார் கைக்கு வந்தது, பிறகு யார் யாரிடம் இருந்தது, அதற்கு என்ன எழுத்துச் சான்று? வெறும் தாளில் தனியாக இருக்கும் கையொப்பத்தைவிட, பெயர் குறித்து, தேதி குறித்து, ஒரு விஷயத்தைச் சொல்லும் கடிதம் பல மடங்கு நம்பகமானது. போலி செய்பவன் சுருக்கமாக எழுதவே விரும்புவான்.

தமிழ்நாட்டில் செய்யக்கூடியவை இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் வந்த வழி தெரிந்த அசல் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தலைவர்கள், எழுத்தாளர்களின் ஆண்டுவாரியான கையெழுத்து மாதிரித் தொகுப்பு ஒன்று உருவாக வேண்டும். கள்ள மாதிரி அதில் நுழைய முடியாது. சேப்பாக்கத்திலும், 1990 முதல் பந்தயங்கள் நடக்கும் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தடத்திலும் விளையாட்டுச் சங்கங்கள் ஏலத்துக்கோ நற்பணிக்கோ கையொப்பப் பொருள்களைத் தரும்போது, போடும் காட்சியைப் படம் பிடித்து எண்ணோடு பதிவுசெய்யலாம். செலவு சொற்பம். இந்தியாவில் கையொப்பச் சான்று வழங்க வருகிற எந்த நிறுவனமும் ஆண்டுதோறும் குருட்டுச் சோதனைக்கு உட்பட்டு, தன் தவறு விகிதத்தை வெளியிட வேண்டும். அதுவரை சான்றிதழ் ஒரு மனிதரின் கருத்து. பல நேரம் நல்ல கருத்து. ஆனால் தனித்து நின்று விலையைத் தாங்கும் வலு அதற்கு இல்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒரு செய்தி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அசல் என்று பொய்யாகச் சொல்லி விற்கும் பொருளைப் போலிப் பொருள் என்றே வரையறுக்கிறது. விற்றவர் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. மறுவிற்பனைக்காக வாங்கியவருக்கு இந்தச் சட்டம் நுகர்வோர் என்ற இடத்தைத் தராது. சொந்தச் சேகரிப்புக்கு வாங்கியவருக்கே தரும். பில், விற்பவர் அனுப்பிய செய்திகள், விளம்பரத்தின் படம், சான்றிதழ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகளே அவகாசம்.